இரண்டாவது விரலைக் கவனியுங்கள்!

*கால் விரல் மடங்குவதை அழகுப் பிரச்சினை என்றே பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் பெருகிவிட்ட ஊரில் அந்த விரலிலிருந்துதான் பல கால்களின் விதி தொடங்குகிறது.*

காலை எட்டரை மணி. சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவின் வாசலில் நீள பெஞ்சு நிறைந்துவிட்டது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் எழுந்து உள்ளே வருகிறார். இடது காலில் ரப்பர் செருப்பு. வலது கால் வெறுங்கால். "இன்னொரு செருப்பு எங்கேய்யா?" என்று நர்ஸ் கேட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்க்கிறார். படியேறும்போது கழன்று விழுந்திருக்கிறது. விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

பாதப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அவரை உட்காரவைத்து, பாதத்தை ஸ்டூல் மேல் தூக்கி வைக்கிறார்கள். கட்டை விரலுக்கு அடுத்த விரல் நடு மூட்டில் மடங்கி, கூன் போட்டு நிற்கிறது. மேடாகிவிட்ட மூட்டின் மேல் பழுப்பேறிய தடித்த தோல். நுனி நேராகத் தரையைக் குத்துவதால் அங்கேயும் ஒரு காய்ப்பு, அதன் நடுவே மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. "அது கால் ஆணிங்க. ரெண்டு வருஷமா இருக்கு. வலியெல்லாம் இல்ல" என்கிறார். மருத்துவர் பிளேடால் காய்ப்பை மெல்லச் சீவுகிறார். சீவச் சீவக் கறுப்புப் புள்ளி விரிகிறது. உறைந்த ரத்தம். அதற்கும் கீழே ஈரமான, சிவந்த ஒரு குழி. எத்தனை நாள் புண் என்று யாராலும் சொல்ல முடியாது. வலித்திருந்தால் அவரே முன்பே வந்திருப்பார்.

மடங்கிய அந்த விரலைத்தான் மருத்துவர்கள் 'ஹேமர் டோ' என்கிறார்கள். தமிழில் சுத்தியல் விரல். உணர்ச்சி சரியாக இருக்கும் பாதத்தில் அது ஷூ கடிக்கும் தொல்லை, கால் ஆணி, நடக்கும்போது வலி. மரத்துப்போன பாதத்திலோ அது புண்ணுக்குப் போட்ட பாதை. கையால் நிமிர்த்த முடிகிற கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் எளிய வழிகளிலேயே சமாளிக்கலாம். அந்தக் கட்டம் தாண்டிய பிறகுதான் நம்மில் பலர் மருத்துவரைத் தேடிப் போகிறோம்.

விரலுக்குள் நடக்கும் இழுபறி

கால் விரல்களை ஆட்டிவைப்பவை இரண்டு வகைத் தசைகள். முழங்காலுக்குக் கீழே தொடங்கி, நீண்ட தசைநாண்களாகக் கணுக்காலைத் தாண்டி விரல்வரை வருபவை ஒரு வகை. இவை பலசாலிகள். பாதத்துக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிகிற சின்னஞ்சிறு தசைகள் இன்னொரு வகை. விரலின் அடிமூட்டைக் கீழே அழுத்திப் பிடிப்பதும், நடு மூட்டை நேராக வைத்திருப்பதும் இந்தச் சின்னத் தசைகளின் வேலை. நரம்பு பழுதாகி இவை மெலிந்தாலோ, குறுகலான ஷூவுக்குள் விரல் ஆண்டுக்கணக்கில் மடங்கியே கிடந்தாலோ, நீளத் தசைகள் இழுபறியில் ஜெயித்துவிடுகின்றன. அடிமூட்டு மேலே தூக்கிக்கொள்கிறது, நடு மூட்டு மடங்குகிறது.

ஆரம்பத்தில் விரலை நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் மடங்கும். நாளாக ஆக மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைநாணும் சுருங்கி இறுகுகின்றன. பிறகு எவ்வளவு இழுத்தாலும் விரல் அசையாது. சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இரண்டாவது விரல் ஏன் அதிகம் மாட்டிக்கொள்கிறது? பலருக்குக் கட்டை விரலைவிட அதுதான் நீளம். ஷூவின் முன்சுவரில் முதலில் இடிப்பது அதுவே. கட்டை விரல் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்ளும் 'பனியன்' என்ற கோளாறு இருந்தால், சாய்ந்த கட்டை விரல் பக்கத்து விரலின் அடியில் புகுந்து அதை மேலே நெம்பிவிடும். இவை தவிர முடக்குவாதம், பக்கவாதம், விரலில் பட்ட பழைய அடி, பரம்பரையாக வரும் பாத அமைப்பு எல்லாமே காரணங்கள்தான். பதின்வயதில், உள்வளைவு மிக உயர்ந்த பாதமும் மடங்கிய விரல்களும் சேர்ந்து தெரிந்தால், அது 1886-இல் விவரிக்கப்பட்ட சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயாக இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை நரம்பியல் மருத்துவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும்.

விரல் ஒன்று மடங்கினால் வலி மூன்று இடங்களில் வருகிறது. கூன்போட்ட மூட்டு ஷூவின் மேல்தோலில் உரசும். நுனி தரையில் குத்தும், நகமும் தடித்துக் கோணலாகும். மூன்றாவது இடம் பலருக்குத் தெரியாது. மேலே தூக்கிய விரல், தன் அடியிலிருக்கும் முன்பாத எலும்பின் தலையைக் கீழே அழுத்துகிறது. அங்கே மெத்தையாக இருக்க வேண்டிய கொழுப்புத் திசு முன்னால் நகர்ந்துவிடுகிறது. "கூழாங்கல்லை மிதிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு வலி உள்ளங்காலில் இருந்தாலும் மூலம் விரலில் இருக்கலாம்.

பெட்டிச் செய்தி: மூன்று வகை மடக்கு

சுத்தியல் விரல்: நடு மூட்டு மட்டும் மடங்கியிருக்கும். பெரும்பாலும் இரண்டாவது விரலில் வரும்.

நகப்பிடி விரல் (கிளா டோ): அடிமூட்டு மேலே தூக்கி, நடு மூட்டும் நுனி மூட்டும் மடங்கி, பறவையின் நகம் போலத் தரையைப் பற்றும். பல விரல்களில் ஒன்றாக வந்தால் நரம்புக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும்.

கொட்டாப்புளி விரல் (மேலட் டோ): நுனி மூட்டு மட்டும் கீழே கவிழ்ந்திருக்கும். நகத்தின் முனையிலும் விரல் நுனியிலும் காய்ப்பு விழும்.

கூர்முனை ஷூவும் கல்லறை எலும்புகளும்

ஷூவைக் குறை சொல்வது இன்று நேற்று வந்த பேச்சல்ல. அதற்கு எலும்பே சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இடைக்காலக் கல்லறைகளிலிருந்து எடுத்த 177 எலும்புக்கூடுகளின் பாதங்களை ஆராய்ந்து, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் பனியன் இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டுக்காரர்களில் அது 27 சதவீதம். இடையில் நடந்தது என்ன? 'பூலேன்' எனப்பட்ட நீண்ட கூர்முனை ஷூ நாகரிகமாகிவிட்டது. துறவிகளின் மடத்தில் புதைக்கப்பட்டவர்களிடமும் வசதியானவர்களிடமும் பாதிப்பு கூடுதல். ஏழைகளின் கல்லறையில் குறைவு. அந்த எலும்புக்கூடுகள் வேறொன்றையும் காட்டின. பனியன் இருந்தவர்களிடம், விழுந்து எலும்பு முறிந்த அடையாளங்களும் அதிகம்.

1958-இல் ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஷூ அணிந்த சீனர்களில் 33 சதவீதம் பேருக்குக் கட்டை விரல் சாய்ந்திருந்தது. ஷூ அணியாதவர்களில் 1.9 சதவீதம். இரு பிரிவினரும் ஒரே இனம். கட்டை விரல் சாய்ந்தால் இரண்டாம் விரலுக்கு இடமில்லாமல் போகும் என்பதால் இந்த எண்கள் சுத்தியல் விரலுக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

ஹை ஹீல்ஸ் இதைவிட ஒருபடி மேல். குதிகாலை உயர்த்தியதும் உடல் எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. விரல்கள் குறுகிய முனைக்குள் சறுக்கி மடங்குகின்றன. அப்படியென்றால் செருப்பு முழுப் பாதுகாப்பா? தளர்ந்துபோன ரப்பர் செருப்பு நழுவாமல் இருக்க, ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளவே செய்கின்றன. குதிகாலில் வார் உள்ள செருப்பு விரல்களுக்கு அந்த வேலையைத் தருவதில்லை.

நம் பாதத்துக்கு நம் அளவு

கடைக்குப் போனால் "எட்டாம் நம்பர் கொடுங்க" என்கிறோம். அந்த எட்டு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வந்த பிரிட்டன் அளவு. இந்தியப் பாதங்களை அளந்து உருவாக்கிய எண் அல்ல.

சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை மாற்ற இறங்கியது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர்களில் அளந்தார்கள். இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. இத்தனை காலமும் அகலம் போதாத ஷூவுக்குள் நாம் விரல்களைத் திணித்துவந்திருக்கிறோம். அகலத்துக்காக ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் நீளம் மிஞ்சிப்போய், பாதம் உள்ளே முன்னும் பின்னும் சறுக்குகிறது. அதைத் தடுக்க லேஸை இறுக்கிக் கட்டுகிறார்கள். பெண்களின் பாதம் சுமார் 11 வயதிலும் ஆண்களின் பாதம் 15, 16 வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அந்தக் கணக்கெடுப்பில் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ஷூவைப் பெற்றோர் எந்த வயதில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது.

இந்த அளவுகளைக் கொண்டு 'பா' என்ற பெயரில் ஒரு புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. பாரத் என்பதன் முதலெழுத்து. கைக்குழந்தை முதல் பெரியவர்கள் வரை எட்டுப் பிரிவுகள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களுக்காக ஷூ தைக்கும் தொழிலாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நம் பாதத்தின் அளவு போய்ச் சேர்வதை சுகாதாரத் துறை தன் விஷயமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். அன்றாடம் போடும் ஷூவை அந்தப் படத்தின் மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அந்த இடைவெளி அளவுக்கு விரல்கள் தினமும் நசுங்குகின்றன என்று அர்த்தம். புது ஷூ வாங்கும்போது, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போடப் போட லூஸாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

சர்க்கரை சேரும்போது

சென்னையின் மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் 11.4 சதவீதம். சுத்தியல் விரலைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, உடலின் மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. அவை பாதத்துக்குப் போகிறவை. தசையை இயக்கும் நரம்பு பழுதானால் பாதத்தின் சின்னத் தசைகள் மெலிந்து விரல் மடங்குகிறது. உணர்ச்சி நரம்பு பழுதானால் மடங்கிய விரல் உரசுவது தெரிவதில்லை. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்பு பழுதானால் தோல் வறண்டு வெடிக்கிறது. ஒரே நோய் விரலை மடக்கி, உரசவைத்து, உரசலை மறைத்து, தோலையும் கிழிக்கிறது.

கால் ஆணி என்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட கேடயம் என்று நினைக்கிறோம். அழுத்தம் தொடர்ந்தால் அந்தத் தடித்த தோலே உள்ளிருந்து அழுத்தும். அடியில் ரத்தம் கசியும், திசு நைந்துபோகும், மேலே மூடி அப்படியே இருக்கும். விரல் நுனியில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரம்தான். கிருமி எலும்பைத் தொட அதிக நாள் பிடிக்காது. அதனால்தான் மருத்துவர்கள் புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் குச்சியை மெல்ல விட்டுப் பார்க்கிறார்கள். அடியில் 'டக்' என்று கெட்டியாகத் தட்டினால், எலும்பில் சீழ் பிடித்திருக்கலாம்.

2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண் வரக்கூடும். புண்களில் ஏறக்குறைய பாதியில் கிருமித் தொற்று ஏற்படுகிறது. மிதமான, தீவிரமான தொற்றுகளில் ஐந்தில் ஒன்று விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகிறது. ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்பி வருகின்றன. வளைந்த விரல் அப்படியே இருந்தால் அழுத்தமும் அப்படியே இருக்கிறது, புண் ஏன் திரும்பாது?

"ஒரு விரல்தானே, எடுத்துடலாம்" என்ற ஆறுதலும் முழு உண்மையல்ல. ஒரு விரல் போனால் அதன் சுமை பக்கத்து விரல்களுக்கு மாறுகிறது. குறிப்பாகக் கட்டை விரலை எடுத்த பாதத்தில் மற்ற விரல்கள் மடங்கத் தொடங்கி, புதிய இடத்தில் புண் வருகிறது. குடும்பத்தின் கணக்கு வேறு. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, கட்டட வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, நாள் முழுக்க நின்று வேலை செய்யும் ஜவுளிக்கடை ஊழியருக்கு, "மூன்று மாதம் காலை ஊன்றாதீர்கள்" என்ற மருத்துவ ஆலோசனை அடுப்பை அணைக்கும் செய்தி.

திருமணமான பெண்கள் மெட்டி அணிவதும் இதே இரண்டாம் விரலில்தான். விரல் வீங்கினாலோ நடு மூட்டு மேடிட்டாலோ மெட்டி கழலாமல் சிக்கும். மரத்துப்போன பாதத்தில் அது சதையில் பதிவதும் தெரியாது. சர்க்கரை நோய் உள்ள பெண்கள், எளிதில் விரித்துக் கழற்றக்கூடிய வாய் திறந்த மெட்டியைத் தளர்வாக அணிவதும், தினமும் அதன் அடித்தோலைப் பார்ப்பதும் நல்லது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதும் இவர்களுக்கு ஆகாது. கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

மரத்துப்போன பாதத்தைக் காப்பாற்றும் அறிவியலில் பெரும்பகுதி இந்த மண்ணில் உருவானது. அதன் முதல் நோயாளிகள் தொழுநோயாளிகள். தொழுநோய், கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கால் மரத்து, விரல்கள் மடங்கிவிடுகின்றன. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்களும் பாதங்களும் நோயால் 'அழுகி' விழுவதில்லை என்பதை நிறுவினார். வலி தெரியாததால், அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் அடிபட்டு அழிகின்றன. இரவில் தூங்கும்போது எலி கடித்த விரல்களைக்கூட அவர் கண்டார். நோயாளிகள் அதன் பிறகு படுக்கையருகே பூனை வளர்த்தார்கள்.

வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் தசைநாணை இடம் மாற்றும் அறுவைகள், புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டு, மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு எல்லாம் தொடர்ந்து சோதிக்கப்பட்டன. மாவுக்கட்டுக்கு முன்னோடி கொழும்பின் அறுவை மருத்துவர் மில்ராய் பால். 1930-களிலேயே தொழுநோய்ப் பாதப் புண்ணுக்கு அவர் மாவுக்கட்டு போட்டு நடக்கவைத்தார். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அனுபவமும் கூடவே போனது. அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் பாதச் சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சொல்கிறார்களே, அதன் பூர்வீகம் இந்த வரலாறுதான்.

நிமிரும்போதே நிமிர்த்துவது

விரல் இன்னும் கையால் நிமிர்கிறது என்றால் முதல் சிகிச்சை மருந்துக் கடையில் இல்லை, ஷூ அலமாரியில் இருக்கிறது. முன்பகுதி அகலமாகவும் உயரமாகவும், மேல்பாகம் மென்மையாகவும், குதிகால் தாழ்வாகவும் உள்ள ஷூ அல்லது பின்வார்ச் செருப்பு. மேடிட்ட மூட்டுக்கு சிலிக்கான் உறை, மடங்கிய விரல்களின் அடியில் வைக்கும் சிறு திண்டு, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டும் டேப் ஆகியவை உரசலையும் நுனி அழுத்தத்தையும் குறைக்கும். தினமும் விரலை மெல்ல நீவி நிமிர்த்துவதும், தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பதும் பாதத்தின் சின்னத் தசைகளுக்கு வேலை தரும். இறுகிவிட்ட விரலை இந்தப் பயிற்சிகள் நேராக்காது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் டேப்பையும் உறையையும் மருத்துவர் பார்த்துப் போட்டுவிட்டால்தான் பாதுகாப்பு. இறுக்கிப் போட்டால் அதுவே புண்ணாக்கும்.

சர்க்கரை நோயாளியின் நிமிரக்கூடிய சுத்தியல் விரலில், நுனியில் காய்ப்போ புண்ணின் அறிகுறியோ இருந்தால், ஒரு சிறு அறுவை பெரிய உதவி செய்கிறது. விரலின் அடிப்பக்கத்தில் மரப்பு ஊசி போட்டு, தடித்த ஊசி முனையாலோ சிறு கீறல் வழியாகவோ மடக்குத் தசைநாணை வெட்டிவிடுகிறார்கள். வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். விரல் நுனி தரையைக் குத்துவது நிற்கிறது. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு தன் 2023 வழிகாட்டுதலிலும் இதைப் பரிந்துரைக்கிறது. அழுத்தம் பக்கத்து விரலுக்கு மாறலாம் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்பதையும் முன்பே சோதித்துவிட வேண்டும். இவ்வளவு எளிய சிகிச்சை இருப்பதே பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியாமல் இருப்பது வேதனை.

பெட்டிச் செய்தி: வேண்டவே வேண்டாம்

சர்க்கரை நோயாளிகள் 'கார்ன் கேப்' ஒட்டக் கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும்.

பிளேடு, நகவெட்டி, பாக்குவெட்டி எதுவும் கால் ஆணிப் பக்கம் போகக் கூடாது.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும்.

காய்ப்புக்குள் கறுப்பு அல்லது நீலப் புள்ளி, விரல் முழுக்கச் சிவந்து வீங்குதல், சாக்ஸில் கசிவு, துர்நாற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கம்பி வைத்து நேராக்கும் அறுவை

இறுகிவிட்ட விரலில் ஷூ மாற்றியும் வலி தீரவில்லை என்றால் எலும்பு மருத்துவர் அறுவையைப் பற்றிப் பேசுவார். நடு மூட்டின் எலும்பு முனையைக் கொஞ்சம் வெட்டி எடுத்து விரலை நேராக்குவார்கள், அல்லது இரு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவிடுவார்கள். நேராக நிற்கவைக்க விரல் நுனி வழியாக ஒரு மெல்லிய உலோகக் கம்பியைச் செலுத்துவது வழக்கம். ஜெர்மானிய மருத்துவர் கிர்ஷ்னரின் பெயரால் அதை 'கே ஒயர்' என்பார்கள். நான்கு முதல் ஆறு வாரங்கள் கம்பியின் முனை விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு வெளிநோயாளிப் பிரிவிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். அதுவரை அடிப்பாகம் வளையாத சிறப்புச் செருப்பு. வீக்கம் முழுதாக வடியப் பல மாதங்கள் ஆகலாம்.

அறுவைக்குச் சம்மதிக்கும் முன் சில விஷயங்களை மருத்துவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். ஒட்டவைத்த மூட்டு இனி மடங்காது. விரல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கலாம். கிருமித் தொற்று, கம்பி நகர்தல், மடக்கு திரும்புதல் ஆகியவையும் நடக்கக்கூடியவை. கட்டை விரலின் பனியனைச் சரிசெய்யாமல் இரண்டாம் விரலை மட்டும் நிமிர்த்தினால், அது நிற்க இடமில்லாமல் மறுபடியும் மேலே தள்ளப்படும். புகைப்பவர்களுக்குக் காயமும் எலும்பும் சேர்வது தாமதமாகும். பார்ப்பதற்கு அழகாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த அறுவைக்குப் போவது சரியல்ல என்பதே பெரும்பாலான பாத அறுவை மருத்துவர்களின் நிலை.

பச்சைக் குழந்தைகளின் விரல் சுருண்டிருந்தால் பதற வேண்டாம். பல குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும்.

பாட்டி ஏன் விழுகிறார்?

ஆஸ்திரேலியாவின் உலோங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 முதல் 90 வயது வரையிலான 312 பேரை ஓராண்டு கண்காணித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். விரல்களின் பிடிப்பு குறைந்தவர்களும், பனியன் அல்லது மடங்கிய விரல்கள் உள்ளவர்களும் அதிகம் தடுமாறி விழுந்தார்கள். நடக்கும்போது கடைசியாகத் தரையை உந்துவதும், உடல் சரியும்போது தரையைப் பற்றுவதும் விரல்கள்தானே.

முதியவர்கள் கால் வலியை எளிதில் சொல்வதில்லை. நகம் வெட்டக் குனிய முடியாது, பார்வையும் மங்கல். தாத்தாவோ பாட்டியோ மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்கிறோம். அவர்களின் விரல்களையும் வீட்டுக்குள் போடும் தளர்ந்த செருப்பையும் பார்ப்பவர் மிகக் குறைவு.

யார் பார்ப்பது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாதத்துக்கென்றே பயிற்சி பெற்ற தனி மருத்துவப் பிரிவினர் உண்டு. இந்தியாவில் அந்தத் துறை இன்னும் வேரூன்றவில்லை. அதனால் நோயாளி எலும்பு மருத்துவர், தோல் மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர் என்று அலைகிறார். மூவரில் யார் செருப்பைக் கழற்றச் சொல்கிறார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அரசுத் திட்டங்களிலும் ஒரு முரண் இருக்கிறது. தொழுநோயால் பாதம் மரத்தவருக்கு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் எம்.சி.ஆர். செருப்பு வழங்குகிறது. சர்க்கரையால் பாதம் மரத்தவர் பெரும்பாலும் தன் காசில்தான் வாங்குகிறார், அல்லது வாங்காமல் விடுகிறார். இருவரின் பாதத்துக்கும் வருகிற ஆபத்து ஒன்றே.

பாதச் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை, அதிர்வைச் சோதிக்க ஓர் இசைக்கவை, நாடித்துடிப்பைத் தேட இரண்டு விரல்கள். "கண்ணை மூடிக்குங்க, தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க" என்று இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்தி எடுப்பார்கள். சில நிமிட வேலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் அதே திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் பையில் அந்த நைலான் இழையும் இருக்க வேண்டும். மாத்திரையைக் கொடுக்கும்போதே பாதத்தைப் பார்த்து, மடங்கிய விரல், காய்ப்பு, மரத்த இடம் மூன்றையும் நோயாளியின் அட்டையில் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் முறையை அரசு எல்லா மாவட்டங்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.